ரகு கரையேறிய காலம்

மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். போன வாரம் ஒரு சாயங்காலம் நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். உதவிக்கு வந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் பாட்டுக்குக் கைபேசியை எடுத்து இரண்டு கட்டைவிரலாலும் தட்ட ஆரம்பித்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து, "ஆன்ட்டி, ஒரு டவுட். கதைய 'வந்தான்'னு எழுதறதா, 'வர்றான்'னு எழுதறதா? எது நல்லாருக்கும்?" என்று கேட்டாள்.

என்ன கதை என்று விசாரித்தேன். ஏதோ வெளிநாட்டுத் தொடராம். அதில் அவளுக்குப் பிடித்த பையனைக் கடைசியில் சாகடித்துவிட்டார்களாம். இவளுக்கு அது பொறுக்கவில்லை. அவனைப் பிழைக்க வைத்து, மேற்கொண்டு நடப்பதைத் தானே எழுதிப் போடுகிறாள். முகம் தெரியாத எத்தனையோ பேர் அதைப் படித்துவிட்டு அடுத்தது எப்போது என்று கேட்கிறார்களாம். இதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பேராம். "உங்களுக்குத் தெரியாது ஆன்ட்டி, இதெல்லாம் புதுசு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் புதுசை நாங்கள் பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், அவள் அம்மா பிறப்பதற்கு முன்பே செய்திருக்கிறோம். அதற்கு ஒரு பேர் உண்டு என்று மட்டும்தான் எங்களுக்குத் தெரியாது. இதே வந்தானா வருகிறானா சண்டையும் போட்டிருக்கிறோம்.

அவள் தட்டும்போது சத்தமே வருவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? என்னால் அதை எழுத்து என்று நம்பவே முடியவில்லை. எழுத்து என்றால் எனக்கு இரைச்சல். பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைவீதிக்குள் நுழைந்ததுமே எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் சத்தம் கேட்கும். தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி. நடுநடுவே டிங் டிங் என்று மணி. மாடிப்படி ஏறினால் ரிப்பன் மையும் மிஷின் எண்ணெயும் கலந்த வாசனை வரும். அதோடு கீழே ஜவுளிக்கடையிலிருந்து கஞ்சி போட்ட புதுத்துணி வாசனையும் சேர்ந்துகொள்ளும். இன்றைக்கும் புதுப்புடவையைப் பிரித்தால் வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு பதற்றம் எனக்கு வரத்தான் செய்கிறது.

எழுபதுகள் முடிந்து எண்பதுகள் தொடங்கிய நேரம். நான் அங்கேயே படித்து டைப்பில் ஹையர் பரீட்சை பாஸ் பண்ணியதும், இன்ஸ்டிடியூட்டை நடத்திய மாஸ்டர் என்னை அங்கேயே வைத்துக்கொண்டார். பேர் டீச்சர். வயசு இருபது. என்னைவிட மூத்த பெண்களெல்லாம் "டீச்சர்" என்று கூப்பிடும்போது உள்ளுக்குள் குளிர்ந்துபோய், வெளியே முகத்தை உம்மென்று வைத்துக்கொள்வேன். கண்ணாடி போட்டால் இன்னும் எடுப்பாக இருக்குமே என்று ஆசைப்பட்டு டாக்டரிடம்கூடப் போனேன். பார்வை நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்.

எங்கள் வீடு அரியலூரில். அப்பாவுக்கு அங்கே சிமெண்டு ஆலையில் வேலை. தினமும் காலையில் நான் பெரம்பலூருக்கு பஸ் ஏற வேண்டும். அந்த பஸ்ஸில் ஆட்களுக்குச் சமமாகச் சின்ன வெங்காய மூட்டைகள் வரும். வியாழக்கிழமைகளில் மட்டும் சீக்கிரமே கிளம்பி ரயில் ஸ்டேஷனுக்குப் போவேன். மெட்ராஸ் ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டை அங்குள்ள கடைக்காரர் என் கண்ணெதிரிலேயே பிரிப்பார். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. அதே கட்டு பஸ் மாறி அங்கே போய்ச் சேர மத்தியானமாகிவிடும். அந்த அரைநாள் பெரம்பலூர் முழுவதற்கும் தெரியாத ஒரு ரகசியம் என் கைப்பைக்குள் இருக்கும். ரகுவுக்கு என்ன ஆயிற்று என்ற ரகசியம்.

ரகு ஒரு வாரப்பத்திரிகைத் தொடர்கதையின் நாயகன். எழுதியவர் பேர் வேண்டாம். அந்தப் பத்திரிகையே இப்போது இல்லை. ரகு நிலம் அளக்கும் சர்வேயர். ஆற்றுக்கு அக்கரையில் வத்சலா என்று ஒரு டீச்சர். அவளை அண்ணன் வேறு இடத்தில் கட்டிக்கொடுக்கப் பார்க்கிறான். வெள்ளம் புரண்டு ஓடுகிற அன்றைக்கு, யார் தடுத்தும் கேளாமல் ரகு பரிசலில் ஏறுகிறான். நடு ஆற்றில் பரிசல் கவிழ்கிறது. தொடரும்.

அடுத்த வியாழக்கிழமை ஸ்டேஷனில் நின்றபடியே பக்கத்தைப் புரட்டினேன். தொடர் வருகிற இடத்தில் ஒரு கட்டம் போட்டு, தவிர்க்க முடியாத காரணங்களால் இத்தொடர் நிறுத்திவைக்கப்படுகிறது என்று அச்சிட்டிருந்தார்கள். அவ்வளவுதான். ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள்.

பதினோரு மணி பேட்ச் முழுக்கப் பெண்கள். விஷயத்தைச் சொன்னதும் மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. பத்திரிகைக்காரர்கள் மீதிருந்த கோபத்தை என்னிடம் காட்டினார்கள். "நீங்களே எப்படி டீச்சர் சும்மா வந்தீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஸ்டேஷனில் தண்டவாளத்தில் படுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ.

அந்த வாரம் மாஸ்டர் ஸ்பீடு பயிற்சிக்குப் புது பாராக்கள் தயார் பண்ணச் சொல்லியிருந்தார். இருந்தவையெல்லாம் சிறுசேமிப்பின் நன்மைகள், மண்வளம் காப்போம் வகை. அடித்து அடித்து எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்டது. தாளைப் பார்க்காமலேயே அடித்தார்கள். நான் மிஷினில் தாளைச் செருகினேன். மண்வளத்தைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ரகுதான் தோன்றினான். கார்பன் வைத்து அடித்தேன். 'ஆற்றின் வேகம் அவனை ஒரு மரக்கிளையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரகு கண் விழித்தான். மெல்லக் கரையேறினான்.' மரக்கிளை இல்லாமல் எந்தக் கதாநாயகன் பிழைத்திருக்கிறான்? என் கற்பனை அதுவரைதான் போயிற்று. ஆனால் அதைக் காப்பி பண்ணிய பெண்கள் அன்றைக்கு ஒரு தப்புக்கூட விடவில்லை. கண்ணைத் தாளைவிட்டு எடுத்தால்தானே தப்பு வரும்!

ஒருத்தியைத் தவிர. அவள் தாளில் வரிக்கு வரி தப்பு. 'விழித்தான்' என்று இருந்ததை 'விழிக்கிறான்' என்று அடித்திருந்தாள். 'ஏறினான்' 'ஏறுகிறான்' ஆகியிருந்தது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாகச் சுழித்துக்கொண்டே வந்தவள், பாதியில் கை ஓய்ந்துபோய் அவளைக் கூப்பிட்டேன்.

ஜமீலா. பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் புகுந்த வீடு. வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வருவாள். படி ஏறியதும் அதை மடித்துச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டு உட்காருவாள். புருஷன் சபருக்குப் போயிருந்தார். வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போவதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். டைப் கற்றுக்கொள்ளச் சொன்னதே அவர்தானாம்.

"என்ன ஜமீலா, ஒரு வரிகூட ஒழுங்கா இல்லியே?"

"தப்பு இல்ல டீச்சர். வேணும்னுதான் அடிச்சேன்."

"வேணும்னா?"

"முழிச்சான்னு போட்டா, எப்பவோ முழிச்சான், அப்பறம் என்னமோ ஆயிட்டான்ங்கற மாதிரி இருக்கு. இப்ப எங்க இருக்கான்னு தெரியலியே. முழிக்கிறான்னு போட்டா ஆளு நம்ம கண்ணு முன்னாடி இருக்கான்ல?"

எனக்கு டீச்சர் பிடிவாதம். "கதைன்னாலே நடந்து முடிஞ்சதுதான் ஜமீலா. ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தான்னுதான ஆரம்பிக்கிறோம்?"

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இருந்தான்னு சொல்லும்போதே அந்த ராஜா செத்துட்டாருன்னுதான டீச்சர் அர்த்தம்?"

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போட்ட சுழிகளை அழிக்கவும் முடியவில்லை.

அடுத்த பாராவை அவள் சொன்னபடி எழுதிப் பார்த்தேன். 'ரகு நடக்கிறான். முள் குத்துகிறது. தூரத்தில் விளக்கு தெரிகிறது.' ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்கிற மாதிரி இருந்தது. வத்சலா பக்கம் போனால் இன்னும் மோசம். அழுகிறாள், மறுபடியும் அழுகிறாள். ஆனால் ஒன்று புரிந்தது. நடந்தான் என்று எழுதும்போது, பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று எழுதுகிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. நடக்கிறான் என்று எழுதும்போது எனக்கே பயமாக இருந்தது. அடுத்த அடியில் பாம்பு இருக்குமோ என்னவோ, யார் கண்டது?

பேட்ச் இரண்டாகப் பிரிந்தது. பத்திரிகையில் வந்தது 'வந்தான்' என்றுதானே, நாம் எதற்கு மாற்ற வேண்டும் என்பது ஒரு கட்சி. ஜமீலா பக்கம் ஒரு கட்சி. சண்டைச் சத்தம் கேட்டு மாஸ்டர் உள்ளே வந்தார். அவருக்குக் கவர்ன்மெண்ட் ஆர்டர் அடித்து அடித்து, பேச்சே அப்படி ஆகிவிட்டது. வீட்டில் சாப்பிட்டதைக்கூட 'உணவு அருந்தப்பட்டது' என்று சொல்வாரோ என்று நாங்கள் கேலி பண்ணுவோம். தாளை வாங்கி நிதானமாகப் படித்தார். எனக்கு வேலை போயிற்று என்று நினைத்தேன்.

"ஏம்மா, இது என்ன, சொந்தமா?"

"ஆமாங்க சார்."

"'கரையேறினான்'கறது தனிமனிதன் பேச்சு மாதிரி இருக்கு. 'ரகு மீட்கப்பட்டான்'னு போடு. கம்பீரமா இருக்கும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. இன்னொரு தரம் படித்துவிட்டு, "இருந்தாலும் இந்த 'கிறான், கிறாள்' நெறைய வரட்டும். விரல் இன்னும் நாலு எடம் போய் வரும். பரீட்சைல பொண்ணுங்க பூராவும் அங்கதான் கோட்டை விடுது" என்று சொல்லிவிட்டுப் போனார். ரகு உயிரோடு இருக்க வேண்டும் என்பதற்கு ஜமீலா சொன்ன காரணம் ஒன்று. மாஸ்டர் சொன்ன காரணம் இன்னொன்று. எப்படியோ நிகழ்காலம் ஜெயித்தது.

இப்படியே மழைக்காலம் முழுக்க ரகு காட்டில் நடந்துகொண்டே இருந்தான். அக்கரை மட்டும் வரவேயில்லை. கொண்டுவந்து சேர்க்க எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அப்போது ஜமீலா வகுப்புக்கு வருவது நின்றது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்கே போனேன்.

முன்கூடத்தில் ஜமீலாவின் மாமனார் இரண்டு பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உள்ள போம்மா, உள்ளதான் இருக்கு" என்றார். நான் கடந்து போகும்போது அவர் பேச்சு காதில் விழுந்தது. "நல்ல புள்ளயா இருந்தான். ஒரு சொல்லு எதுத்துப் பேசுனதில்ல."

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

ஜமீலா சொன்னாள். அவள் புருஷன் ரஹீமிடமிருந்து தகவல் வந்து பல மாதமாகியிருந்தது. அங்கே ஏதோ பாலைவனத்து ரோட்டில் லாரி கவிழ்ந்து நம் பக்கத்து ஆட்கள் சிலர் இறந்துபோனார்கள் என்று ஊருக்கு வந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். யார் யார் என்று அவருக்கும் தெரியவில்லை. அனுப்பிவைத்த ஏஜெண்டு பம்பாயில் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். அதிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்கள் ஒவ்வொருவராக 'இருந்தான்' என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள்.

"யாரும் வேணும்னு பேசல டீச்சர். தானா வாயில வருது. மொதல்ல பக்கத்து வூட்டு மாமா. அப்பறம் எங்க அத்தா. இப்ப இவங்க. இன்னைக்கி என்ன பேச்சுன்னா, மச்சான் பேருக்கு பாத்திஹா ஓதிடலாமாம்." அவர்கள் பேச்சில் அத்தா என்றால் அப்பா, மச்சான் என்றால் புருஷன்; பாத்திஹா என்பது இறந்தவர்களுக்காக ஓதுவது.

பிறகு அலமாரியிலிருந்து ஒரு டேப் ரிக்கார்டரை எடுத்துவந்து சின்னதாகப் போட்டாள். எழுதப் பொறுமையில்லாமல் ரஹீம் கேசட்டில் பேசி ஆள்வசம் அனுப்புவாராம். கடைசியாக வந்தது அது. 'இப்ப மணி அஞ்சு ஆவுது. வெளிய காத்து அடிக்குது. ஒக்காந்து டீ குடிச்சிகிட்டிருக்கேன். நீ என்ன பண்ணிகிட்டிருக்க?' குரலுக்குப் பின்னால் நிஜமாகவே காற்று இரைந்தது.

"எப்ப போட்டாலும் மணி அஞ்சு" என்றாள் ஜமீலா. "எப்ப போட்டாலும் டீ குடிச்சிகிட்டிருக்காங்க."

ரகு ஏன் விழிக்கிறான், ஏறுகிறான் என்று அவளுக்கு இருந்தாக வேண்டும் என்பது எனக்கு அப்போது விளங்கியது. நான் சுழித்த சிவப்புச் சுழிகளும் கண்ணுக்கு வந்தன.

அடுப்படியிலிருந்து ஜமீலாவின் மாமியார் கூப்பிட்டார். போனால், தரையில் உட்கார்ந்து கத்திரிக்காய் அரிந்துகொண்டிருந்தார். சின்ன உருவம். வந்தவர்கள் பேசுவதெல்லாம் அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்காத மாதிரி என்னிடம் பேசிக்கொண்டே போனார்.

"சாப்புட்டுத்தான் போவணும் கண்ணு. எம்புள்ளைக்கி கத்திரிக்கா பிஞ்சா இருக்கணும். எண்ணெயில வதக்கி வெச்சா ரெண்டு தடவ சோறு வாங்கித் திம்பான். தின்னுட்டு அந்தத் தூணுல சாஞ்சிகிட்டு பாட்டுப் படிப்பான். கேக்கச் சகிக்காது. ஆனாலும் படிப்பான்."

ஜமீலாவுக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. மாமியாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள். "மாமி, நீங்களுமா? மௌத்தானவங்களப் பேசுற மாதிரியே பேசுறீங்களே! திம்பாங்க, படிப்பாங்கன்னா எப்ப?"

அந்த அம்மாள் அரிவதை நிறுத்திவிட்டு மருமகளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. ஆச்சரியம்தான் தெரிந்தது.

"எப்பவா? வந்ததும்தான். வேற எப்பத் திம்பான்?"

ஜமீலா அப்படியே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அரிந்த கத்திரிக்காயைத் தண்ணீரில் போட்டுவிட்டு மாமியார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். முன்கூடத்துக் கதவோரம் போய், உள்ளே நின்றபடியே புருஷனிடம் சொன்னார்: "பாத்திஹாவும் வேணாம் ஒண்ணும் வேணாங்க. ஓதிட்டு, நாளைக்கி அவன் வந்து நின்னா எந்த மூஞ்சிய வெச்சிகிட்டு சோறு போடுவேன்? வந்தவங்களுக்கு டீ தரேன். குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க."

வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அன்று நான் சாப்பிட்ட கத்திரிக்காய் வதக்கலின் ருசி வேறு எங்கும் கிடைக்கவில்லை. எத்தனையோ தரம் நானும் செய்து பார்த்துவிட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் அதே யோசனை. பள்ளிக்கூடத்தில் 'வருவான்' என்பதற்கு எதிர்காலம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாம் வீட்டில் அப்படியா பேசுகிறோம்? போய்ச் சேர்ந்த தாத்தாவும் வெற்றிலை போடுவார். நாளைக்குப் பெண் பார்க்க வரப்போகிற மாப்பிள்ளையும் காப்பி குடிப்பார். அடுத்த வீட்டுக் குழந்தை தினமும் அழும். ஒரே சொல்தான், போனவரையும் வரப்போகிறவரையும் இருக்கிறவரையும் ஒரே பந்தியில் உட்கார வைத்துவிடுகிறது. இத்தனை நாள் வந்தானா வருகிறானா என்று மல்லுக்கு நின்ற எங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே கண்ணில் படவில்லை.

மறுவாரம் ஜமீலா வந்தாள். கடைசி அத்தியாயத்தை நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினோம். நான் ஒரு வரி சொல்ல அவள் அடிப்பாள். அவள் சொல்ல நான் அடிப்பேன். 'ரகு வருவான். அப்போது மழை விட்டிருக்கும். வத்சலா பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திக்கொண்டிருப்பாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும். அவள் உடனே எழுந்து ஓடமாட்டாள். கையில் இருக்கும் சிலேட்டைத் திருத்தி முடிப்பாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள்.' அந்தக் கடைசி வரி அவளுடையது.

பேட்ச்சில் பாதிப் பேருக்குத் திருப்தியில்லை. "இப்ப வந்தானா இல்லியா டீச்சர்? தெளிவா சொல்லுங்க" என்று ஒருத்தி மல்லுக்கு நின்றாள். நான் வாயைத் திறக்குமுன் ஜமீலா தன் மிஷினிலிருந்தே சொன்னாள்: "வருவான்னு எழுதியிருக்குல்ல? வேற என்ன வேணும்?"

அடுத்து வந்த பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை. பத்திரிகை வாங்கப் பழக்கதோஷத்தில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு பஸ் ஏறினேன். நல்ல கூட்டம். ஒல்லியாக, கறுத்து, ஒரு வாரத் தாடியோடு ஒருவர் கையில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். கண்டக்டர் சத்தம் போட்டார். "யோவ், மூட்டைமேல ஒக்காராதய்யா. நசுங்கிப் போவும்." அவர் எழுந்துகொண்டே, "வாசனைக்காவ ஒக்காந்தேன்ங்க" என்று சிரித்தார். கண்டக்டர் என்னைப் பார்த்து, ஆள் ஒருமாதிரி என்று கண்ணால் காட்டினார். நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று ஜமீலா வகுப்புக்கு வரவில்லை. மறுநாள் வந்தாள். துப்பட்டியை மடிக்கவில்லை, மிஷினில் உட்காரவில்லை. மாடிப்படியிலேயே கத்திக்கொண்டு வந்தாள்.

"வந்துட்டாங்க டீச்சர்! வந்துட்டாங்க!"

பிறகு நின்றபடியே சொல்லித் தீர்த்தாள். வாசல்ல நின்னாங்க. மாமிதான் மொதல்ல பாத்தாங்க. யாரோ சோறு கேட்டு வந்துருக்காங்கன்னு நெனச்சிட்டாங்க. அப்பறம் கத்துனாங்க. மாமா அழுதாங்க. மச்சான் குளிச்சாங்க, தின்னாங்க, தூங்குனாங்க. இத்தனை நாளும் 'தான், தாள்' கூடவே கூடாது என்று சண்டை போட்டவள், அன்றைக்குப் பேசியதெல்லாம் நடந்து முடிந்ததுதான். ஒவ்வொன்றையும் முடிக்க முடிக்க அவளுக்குச் சந்தோஷம். "தின்னாங்க டீச்சர்! ரெண்டு தடவ சோறு வாங்குனாங்க!" மிஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. மாஸ்டர் வந்து கதவோரம் நின்றவர், வழக்கமான தோரணையில் ஏதோ சொல்ல வாயெடுத்து, முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு போய்விட்டார்.

லாரி விபத்துக்கும் ரஹீமுக்கும் சம்பந்தமே இல்லை. ஏஜெண்டு ஏமாற்றியதில், பாலைவனத்துக்கு நடுவே ஓர் ஆட்டுப்பட்டியில் மாட்டிக்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். தபால் கிடையாது, ஆள் நடமாட்டம் கிடையாது. ஒரு மலையாளி டிரைவர் இரக்கப்பட்டுத் தூதரகத்தில் சேர்க்க, அங்கிருந்து பம்பாய் வந்து, ரயில் ரயிலாக மாறி அரியலூரில் இறங்கியிருக்கிறார். பம்பாயிலிருந்து தந்தி கொடுத்தாராம். அது அவருக்கு அடுத்த நாள்தான் வந்தது. வாசலில் நின்று அவரே கையெழுத்துப் போட்டு வாங்கி, 'வருகிறேன்' என்று இருந்ததைத் தன் அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். வீடே சிரித்ததாம்.

வெங்காய மூட்டை ஆள் அவர்தான் என்று எனக்குத் தெரிந்தபோது என் தலையாட்டலை நினைத்துக் கூசினேன். அவரிடமே சொன்னேன். "நானா இருந்தாலும் அப்படித்தாங்க நெனச்சிருப்பேன்" என்றார்.

இதில் ஒரு வேடிக்கை. மறு வருடம் அந்தப் பத்திரிகை, வாசகர்களின் வேண்டுகோளுக்கு இணங்க என்று போட்டு, தொடரை மறுபடியும் ஆரம்பித்தது. நாலே வாரத்தில் முடிந்தது. ரகு ஆற்றோடு போய்விட்டான். வத்சலா அண்ணன் பார்த்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். பதினோரு மணி பேட்ச்சில் அதைப் படித்துக் காட்டினேன். ஒருத்தியும் கலங்கவில்லை. "அது வேற யாரோ ரகு டீச்சர்" என்று ஜமீலா சொன்னாள். மற்றவர்கள் அதை ஒத்துக்கொண்டு அவரவர் மிஷினுக்குத் திரும்பினார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை.

கல்யாணமாகி நான் சேலம் பக்கம் போய்விட்டேன். ஜமீலா கொஞ்ச நாள் கடுதாசி போட்டாள், டைப் அடித்து. பிறகு இருவருக்கும் பிள்ளைகள், வேலைகள். எப்போது நின்றது என்று தெரியாமலே நின்றுபோயிற்று.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்காகப் பெரம்பலூர் போயிருந்தேன். மாவட்டத் தலைநகராகி ஊர் அடையாளமே தெரியவில்லை. ஜவுளிக்கடை இருந்த இடத்தில் மூன்று மாடிக் கட்டிடம், கீழே செல்போன் கடை. மாஸ்டர் காலமாகி வெகு நாளாயிற்றாம். மிஷின்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ரகுவின் தாள்களும் எங்கே போயினவோ. கார்பன் வைத்து எத்தனை அடித்தோம்! ஒரு பிரதியாவது பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எதிர்வரிசையில் ஒரு சின்ன ஃபேன்சி ஸ்டோர். கல்லாவில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரியவர். ரஹீம் பாய்தான். நான் யாரென்று சொன்னதும் எழுந்துவிட்டார். "டைப் டீச்சரா! வாங்க, வாங்க, ஒக்காருங்க."

ஜமீலாவைக் கேட்டேன். மூன்று வருடமாயிற்று, சர்க்கரை வியாதியில் மௌத்தாகிவிட்டாள் என்றார். அவரே டீ வாங்கி வரச் சொல்லி, என் கையில் கொடுத்தார்.

"கடைக்கி இந்த எடத்தப் பாத்தது அவதான். எதுக்க மிஷின் சத்தம் கேக்கும்ல, அதுக்காவ. மத்தியானம் எனக்கு சோறு எடுத்துட்டு வந்தா இந்த எடத்துலதான் ஒக்காருவா. மாடியில யாரு சரியா அடிக்கிறா, யாரு தப்பு விடுறான்னு இங்கேருந்தே சொல்லுவா. 'பாருங்க, அது புதுப் பொண்ணு, இன்னும் விரல் பழகல'ம்பா. நான் கண்டனா? அப்படிங்களான்னு கேட்டுக்குவேன்." டீயை ஒரு வாய் குடித்தார். "அப்பறம் கம்ப்யூட்டர் வந்து ஒவ்வொரு மிஷினா கொறஞ்சிது. கடைசில ஒரே ஒரு மிஷின் மட்டும் கொஞ்ச நாளு ஓடுச்சி. யாரோ ஒரு பொண்ணு சாயங்காலம் வந்து அடிக்கும். அந்தப் பொண்ணு படியெறங்கிப் போற வரைக்கும் இவ வூட்டுக்குக் கெளம்பமாட்டா."

நாங்கள் இரண்டு பேரும் எதிர்மாடியைப் பார்த்தோம். சன்னல் இருந்த இடத்தில் விளம்பரப் பலகை அடைத்திருந்தது. தெரு முழுக்க பஸ்களும் ஆட்டோக்களும் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவ்வளவு இரைச்சலிலும் அந்தத் தெரு எனக்கு நிசப்தமாக இருந்தது.